அரைக்கதவு

சவளைப் பிடுங்குவதற்கு முன் ஹிதாயா மற்ற மூன்று பெண்களையும் வெளியே கூப்பிட்டாள். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பள்ளியில் வாங்கு சொல்லி முடிந்த நேரம். ஏறாவூர்க் கடைத்தெரு முழுவதும் சுருள் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடகடவென்று பாதிக்கு இறங்கிக்கொண்டிருந்தன. கபூர் ஹாஜியாரின் மா ஆலைக் கதவும் இடுப்பளவுக்கு இறங்கி, முட்டுக்கொடுத்த தோணிச் சவள் ஒன்றின் மேல் நின்றது. வாவியில் தோணி வலிக்கும் அந்தத் துடுப்பை ஹாஜியாரின் மருமகன் இர்ஷாத் எங்கிருந்தோ கொண்டுவந்து நான்கு மாதமாகிறது. அதற்கு முன் கதவு பாதியில் தானாகவே நின்றது.

ஹாஜியார் உள்ளே, கோடியிலிருந்த கண்ணாடி அறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். வாங்கு சொல்லும்போதே பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுவிடுகிறவர் இன்று இன்னும் எழும்பவில்லை. அவர் போகட்டும் என்று காத்திருக்கலாமா என்று ஹிதாயா ஒரு கணம் யோசித்தாள். அவர் உள்ளேயே இருக்கட்டும் என்று பட்டது. தான் இல்லாதபோது விழுந்த கதவைப் பற்றி அவர் என்னவும் சொல்லிவிடலாம்.

சாக்குக் கட்டும் நைலோன் கயிற்றைச் சவளின் நடுவில் முடிந்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டுச் சுவரோரமாக ஏழெட்டு அடி தள்ளிப் போனாள். மூவரில் கதவோரம் நின்ற கேதீஸ்வரியிடம் காலைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னாள். தெருவில் கதவின் பக்கம் யாரும் வருகிறார்களா என்று இரண்டு புறமும் பார்த்தாள். பிறகு இழுத்தாள்.

கதவு இறங்கவில்லை, விழுந்தது. வலது மூலை முதலில் நிலத்தில் அடித்துச் சீமெந்துத் துண்டொன்றைப் பெயர்த்தது. அதே நொடியில் உள்ளே, மேலே, ஏதோ ஒன்று அறுந்த சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்து மணியை ஒரேயொரு தடவை, ஆனால் மிகப் பலமாக அடித்ததுபோல. இடது மூலை நிலத்திலிருந்து மூன்று விரல் உயரத்தில் கோணலாக நின்றுகொண்டது. அந்த இடுக்கால் அரிசிமா வெள்ளைப் புகையாகத் தெருவுக்கு வந்தது.

“போச்சு,” என்றாள் கேதீஸ்வரி. பயந்து சொன்னதாகத் தெரியவில்லை.

ஹிதாயாவுக்கு இந்தக் கதவு கெட்டுவருகிறதென்று முதலில் சொன்னது தராசுத் தட்டு. இடியப்ப மாவைப் பைகளில் நிறுத்துப் போடுவது அவளுடைய வேலை. கதவுக்கு உள்பக்கம், அது சுருளும் இடத்துக்கு நேர் கீழேதான் அவளுடைய மேசை. ஒரு காலையில் வெள்ளை மாவின்மேல் சிவப்பாக ஏதோ கிடந்தது. மிளகாய்த்தூள் என்று நினைத்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். காரமில்லை, இரும்பு ருசி. அண்ணாந்து பார்த்தபோது கதவு சுருளும் குழாயிலிருந்து துரு உதிர்ந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து அவள் கதவைக் கவனிக்கத் தொடங்கினாள். காலையில் ஒரு கையால் திறந்த கதவுக்கு இப்போது முழங்காலும் தோளும் தேவைப்பட்டன. ஏற்றும்போது வலப்பக்கம் தயங்கியது, இறக்கும்போது வலப்பக்கம் முந்தியது. கடைசி ஒரு முழத்துக்கு வந்ததும் கையை மீறிக்கொண்டு போனது. மேசைமேல் ஏறி நின்று டோர்ச் அடித்துப் பார்த்தபோது, குழாயில் சுற்றியிருந்த ஸ்பிரிங்கின் வளையங்கள் ஓரிடத்தில் ஒன்றையொன்று தொடாமல், ஒரு பல் விழுந்த வாய்போல இடைவெளி விட்டிருந்தன.

அவள் பதினொரு வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தவள். அந்த வீட்டுக் கராஜ் கதவு இப்படித்தான் ஒரு மாதமாக முனகியது. வீட்டுக்காரன் கவனிக்கவில்லை. சாரதியாயிருந்த வங்காளதேசத்து மனிதனைத் திருத்தச் சொன்னான். அந்த மனிதன் திருகாணியைக் கழற்றிய மறுகணம் கையிலிருந்த இரும்புத் தண்டு சுழன்று அவன் வாயில் அடித்தது. கார் கழுவும் வாளிக்குள் பற்களைப் பொறுக்கிப் போட்டவள் ஹிதாயா. மறுநாள் கம்பனியிலிருந்து இரண்டு பேர் வந்து செய்ததை அவள் தேநீர்த் தட்டோடு நின்று முழுவதும் பார்த்தாள். எந்த இடத்திலும் அவர்கள் அவசரப்படவில்லை. ஒருவன் பிடித்திருக்காமல் மற்றவன் கையை எடுக்கவில்லை. தண்டுக்கு நேரே ஒருவனும் முகத்தைக் கொண்டுபோகவில்லை.

ஹாஜியாரிடம் மூன்று தடவை சொல்லியிருந்தாள். முதல் தடவை அவர் தலையாட்டினார். இரண்டாம் தடவைக்குப் பிறகு இர்ஷாத் கழிவு ஓயிலை ஒரு பழைய சோடாப் போத்தலில் கொண்டுவந்து கம்பிமேல் ஊற்றினான். சத்தம் நின்றது, பாரம் நிற்கவில்லை. போன திங்கட்கிழமை தொழுகை நேரத்தில் சவள் வழுக்கியது. தொழுகைக்குக் கதவைப் பாதி இறக்கிவிட்டாலும் பெண்கள் உள்ளே பொதி செய்துகொண்டேதான் இருப்பார்கள். கேதீஸ்வரி மா மூட்டையொன்றைக் கீழால் இழுத்துக்கொண்டிருந்தாள். இரும்புச் சட்டம் மூட்டையின்மேல் விழுந்து அதைக் கிழித்தது. அரை அடி இந்தப் பக்கம் அவளுடைய கழுத்து இருந்தது. ஹாஜியார் வந்து பார்த்துவிட்டு, கண்ணைத் திறந்து வேலை செய்யச் சொன்னார். மூன்றாம் தடவை ஹிதாயா அன்றுதான் பேசினாள். முன்கதவு விழுந்தால் வெளியே போக வழியில்லை, பின்கதவையும் மூட்டை அடுக்கி அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்றாள். இன்று காலை அவர் எல்லோருக்கும் கேட்கும்படி அதற்குப் பதில் சொன்னார். கதவுக்குப் பயந்தவர்கள் நாளையிலிருந்து வீட்டில் இருக்கலாம்.

வீட்டில் இருப்பதென்றால் என்னவென்று ஹிதாயாவுக்குத் தெரியும். மகள் உயர்தரப் பரீட்சை எழுதும்வரை இந்த வேலைதான். இது போனால் மீண்டும் பாஸ்போர்ட்டைத் தூசி தட்ட வேண்டும். இனி இன்னொருத்தர் வீட்டுத் தரையைத் துடைக்க விமானம் ஏறமாட்டேன் என்று உம்மா இறந்து மையித்து எடுக்கும்போதுகூட வரமுடியாதிருந்த அந்த வருடத்தில் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து கதவில் உள்ளங்கையால் அடிக்கும் சத்தம் வந்தது.

“ஆரு கதவ வுட்ட?” ஹாஜியாரின் குரல் இரும்பில் பட்டுத் தகரமாகக் கேட்டது.

“நான்தான் ஹாஜியார். ஸ்பிரிங் ஒடஞ்சிட்டு.”

“தூக்கு.”

“ஏலா. ஒரு பக்கம் அறுந்திரிக்கி. மத்தப் பக்கம் இழுத்துக்கிட்டு நிக்கிது. தூக்கினா கோணிக்கிட்டுப் பாயும்.”

இடது மூலையிலிருந்த இடுக்கில் நான்கு விரல்கள் தோன்றின. வெள்ளைக்கல் மோதிரம் போட்ட விரல்கள். அடிச்சட்டத்தைப் பற்றி மேலே நெம்பப் பார்த்தன. ஹிதாயா சவளின் அலகால் அந்தச் சட்டத்தை ஓங்கித் தட்டினாள். “கைய எடுங்க ஹாஜியார்,” என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. விரல்கள் உள்ளே போயின.

அவள் தெருவோரத்துப் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். போனை எடுத்துச் சித்தாண்டிக் கதிர்காமத்தம்பியைக் கூப்பிட்டாள். கேதீஸ்வரியின் ஊர்க்காரர், இந்தப் பகுதியில் சுருள் கதவு வேலை செய்கிறவர். அவர் வயல் வட்டையில் நின்றார், அறுவடை மெசின் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் அவர் இரண்டே கேள்வி கேட்டார். கீழே யாரும் இருக்கிறார்களா, யாரும் தூக்கினார்களா. இல்லை என்றதும், தான் வரும்வரை ஒருவனையும் தொடவிட வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

தொழுகை முடிந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இர்ஷாத் முன்னால் வந்தான், பின்னால் பக்கத்துக் கடைகளிலிருந்து நாலைந்து பேர். தொப்பியைக் கழற்றாமலே சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கதவருகே வந்தவர்களுக்கு இதொரு பெரிய வேலையாகத் தெரியவில்லை. நாலு பேர் பிடித்தால் எழும்பாத கதவா. ஹிதாயா கதிரையிலிருந்து எழும்பவில்லை. முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டாள். இரும்பு வெயிலில் சுட்டது.

“எழும்புங்க ராத்தா. மாமா உள்ளுக்கு இரிக்கார்,” என்றான் இர்ஷாத்.

“இருக்கட்டும். ஃபேன் ஓடுது, போத்தல்ல தண்ணி இரிக்கி. நாங்க நாலு பேரும் ஒவ்வொரு நாளும் இருக்கிற இடந்தானே.”

இர்ஷாத் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “குவைத்துல எஞ்சினியர் படிப்பு படிச்ச ராத்தா இவ. தெரியாதா ஒங்களுக்கு?”

“நீ ஊத்தின ஓயில் எந்த யுனிவசிட்டில படிச்சது மனே?”

சிரிப்பு இடம் மாறியது. இர்ஷாத்தின் முகம் கறுத்தது. அவன் கதிரையின் கைப்பிடியில் கை வைத்தான். அப்போது கேதீஸ்வரி, போன திங்கள் கிழிந்து கோணியூசியால் தைக்கப்பட்டு வெளியே சுவரோரம் கிடந்த அதே மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து கதவின் வலது மூலையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். தையல் வழியாகக் கொஞ்சம் மா பொங்கி அவள் சேலையில் படிந்தது. மற்ற இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஸாதியா வேலைக்கு வந்து மூன்று கிழமைதான். அவள்தான் முதலில் வந்து ஹிதாயாவின் காலடியில் நிலத்தில் அமர்ந்தாள். றபீக்கா முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்தாள். நான்கு பெண்கள் உட்கார்ந்திருக்கும் கதவைத் தூக்குவது எப்படியென்று ஆண்களுக்குத் தெரியவில்லை. தொட்டு எழுப்பவும் முடியாது. ஒருவர் போனில் படம் எடுத்தார்.

இரண்டு பேர் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பின்கதவு அசையவில்லை. அது உள்பக்கம் திறக்கிற கதவு, உள்ளே பதினொரு மூட்டை. பெருநாள் ஓடருக்காக ஹாஜியார் தன் கண்முன்னால் அடுக்கவைத்தவை. அதை அடுக்கியவர்கள் இந்த நான்கு பெண்கள்தான்.

ஹிதாயா குனிந்து இடுக்கருகே வாயை வைத்தாள். பின்கதவு மூட்டைகளை அகற்றினால் கதிர்காமத்தம்பி அந்த வழியால் உள்ளே வருவார், வேறு வழியில்லை என்றாள். இர்ஷாத்தை அனுப்பு என்றார் ஹாஜியார். இர்ஷாத் வருவதற்கும் அந்த மூட்டைகளைத்தான் எடுக்க வேண்டும் என்றாள் ஹிதாயா. அவர் அவளுடைய வாப்பாவின் பெயரைச் சொல்லி ஏசினார். அவளுடைய புருஷன் ஏன் விட்டுப்போனான் என்று இப்போதுதான் விளங்குகிறது என்றார். தெருவில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. ஹிதாயா சவளை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு எதிர்க்கடைப் பெயர்ப்பலகையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். முடிந்ததும் திரும்பவும் படித்தாள்.

பிறகு ஒரு சத்தம் வந்தது. சொரசொரவென்று, சீமெந்துத் தரையில் சாக்கு இழுபடும் சத்தம். அது நின்றது. மூச்சு வாங்குவது கேட்டது. மீண்டும் இழுபட்டது.

“ஒண்டு,” என்றாள் கேதீஸ்வரி மெதுவாக.

ஏழு எண்ணும்போது கதிர்காமத்தம்பியின் மோட்டார் சைக்கிள் வந்தது. காலில் வயல் சேறு காயாமல் இருந்தது. பின்சீற்றில் கடுதாசி சுற்றிய நீளமான இரண்டு பொருள்களை ரப்பர் பட்டியால் கட்டியிருந்தார். கதவின் கோணலை எட்டி நின்று பார்த்தார். உட்கார்ந்திருந்த நான்கு பேரையும் பார்த்தார்.

“ஆர் தூக்க வேணாமெண்டு சொன்ன?”

“நான்,” என்றாள் ஹிதாயா.

“நல்லது தங்கச்சி. தூக்கியிருந்தா இப்ப நான் ஆசுபத்திரிக்குத்தான் வந்திருப்பன், ஆளப் பாக்க.”

பின்கதவு ஒரு முழம் திறந்தது. அவர் பக்கவாட்டில் நுழைந்தார். அவருக்குப் பின்னால் ஹிதாயாவும் போனாள். ஹாஜியார் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். சேட்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தொப்பி, தாடி, புருவம் எல்லாம் மா. கால்கள் பாதம்வரை வெள்ளை. அந்தக் கோலத்தில் அவரை யாரும் கண்டதில்லை. ஹிதாயாவைப் பார்க்காமல், உடைந்ததை மட்டும் மாற்றச் சொன்னார் கதிர்காமத்தம்பியிடம்.

“ரெண்டும் ஒரே நாள்ல பூட்டினது ஹாஜியார். உங்கட கதவு ஒரு நாளைக்கு எத்தின தரம் ஏறி இறங்குது?”

“எட்டுத் தரம்,” என்றாள் ஹிதாயா. அவள் எண்ணியிருந்தாள். காலையில் ஏற்ற, மாலையில் இறக்க, இரண்டு தொழுகைக்கும் இறக்கி ஏற்ற, லொறிக்கு ஏற்ற, தூசிக்கு இறக்க. தெருவால் மையித்துப் போனால் மரியாதைக்கு இறக்குவது கணக்கில் இல்லை.

“மத்த ஊர்க் கடையில ரெண்டு தரம். உங்கட ஏழு வருசம் அவங்கட இருபத்தெட்டு வருசம். இடப்பக்கத்த விட்டுப்போட்டு நான் போக மாட்டன். விடுற எண்டா வேற ஆளப் பாருங்க.” அவர் கடுதாசியைப் பிரித்தார். கறுத்த எண்ணெய் மினுங்கும் இரண்டு புதிய ஸ்பிரிங்குகள். “அளவெல்லாம் சரியாத்தான் இருக்கும். போன கிழமையே நூல் புடிச்சு அளந்து சொன்ன மனிசி இந்தத் தங்கச்சிதானே.”

சொல்லிவிட்டு அவர் ஏணியைத் தேடிப் போனார். ஹாஜியார் முதல் தடவையாக ஹிதாயாவை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப நீ தெரிஞ்சுக்கிட்டுத்தான் சவளப் புடுங்கின.”

வழுக்கியது என்று சொல்லலாம். போன திங்கள் வழுக்கியதுதானே, யாரும் நம்புவார்கள். கயிற்றைக்கூட அவள் அவிழ்த்துச் சுருட்டிக் கதிரைக்கடியில் வைத்திருக்கலாம். அது இன்னும் வெளியே, எல்லோரும் பார்க்க, சவளில் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஓம் ஹாஜியார். தெரிஞ்சுதான்.”

கதிர்காமத்தம்பி வேலையைத் தொடங்கினார். வெளியே இரண்டு பேரை இடது மூலையை மிதிக்கச் சொல்லி, கதவு முழுதாக நிலம் தொட்டதும் இரண்டு பக்கத் தாழ்ப்பாளையும் போட்டார். சுருளைக் கயிற்றால் சுற்றிக் கட்டினார். குழாயின் முனையில் வெண்கட்டியால் ஒரு கோடு கீறினார். குழாயைக் கவ்வித் திருப்பும் இரண்டு பெரிய குழாய்ச்சாவிகளை எடுத்தார். இரண்டாவதைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றபோது, மூட்டைகளைத் தாண்டி வந்திருந்த இர்ஷாத் முன்னால் வந்தான். வந்தவன் சாவியின் கைப்பிடிக்கு நேரே முகம் வரும்படி நின்றான். கதிர்காமத்தம்பி அவனைத் தோளில் பிடித்து ஒதுக்கினார். “தம்பி அங்கால போங்க, பல்லு வடிவா இருக்கு,” என்றார். பிறகு ஹிதாயாவைக் கூப்பிட்டார்.

அவள் மேசைமேல் ஏறி, உடம்பைப் பக்கத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சாவியைப் பிடித்தாள். குழாயைப் பூட்டியிருந்த பிடிப்பாணி தளர்ந்ததும் குழாய் உயிருள்ள ஒன்றுபோலக் கையில் உதறியது. ஏழு வருடம் முறுக்கி வைத்த பலம் முழுவதும் அவளுடைய மணிக்கட்டில் வந்து நின்றது. அவர் தன் சாவியைக் கால் சுற்று விட்டுப் பிடித்துக்கொண்டார். அவள் தன்னுடையதை எடுத்து மேலே மாட்டிப் பிடித்துக்கொண்டாள். அவர் விட்டார். அவள் பிடித்தாள். வெண்கட்டிக் கோடு மெதுவாகச் சுற்றிவந்தது. அவள் உரத்து எண்ணினாள். இருபத்திரண்டு கால் சுற்றுக்குப் பிறகு குழாய் செத்துப்போனது, வெறும் குழாய். அவள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு மணிக்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். ஹாஜியார் மூட்டையொன்றின்மேல் உட்கார்ந்து அவளுடைய கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாயை இறக்க வெளியே நின்றவர்கள் பின்கதவால் வந்தார்கள். உடைந்த ஸ்பிரிங்கைக் கழற்றித் தரையில் போட்டபோது முறிந்த முகம் பாதி கறுப்பாகவும் பாதி பளபளவென்றும் இருந்தது. கறுப்புப் பாதி எப்போதோ வெடித்தது, பளபளப்புத்தான் இன்றைக்கு உடைந்தது என்றார் கதிர்காமத்தம்பி. கேதீஸ்வரி அதைக் கையில் எடுத்து அந்தக் கறுப்பில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

புதிய இரண்டையும் பூட்டி, அதேபோலக் கால் சுற்றுக் கால் சுற்றாக முறுக்கி, பிடிப்பாணிகளை இறுக்கி முடிக்கும்போது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. தாழ்ப்பாளை எடுத்ததும் கதவு ஒரு கைக்கு எழும்பியது. தெரு வெளிச்சம் மொத்தமாக உள்ளே விழுந்தது. கதிர்காமத்தம்பி வருடத்துக்கொரு தடவை கூப்பிடச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார், மழைக்கு முன் அறுவடை முடிய வேண்டும். ஆட்கள் கலைந்தார்கள். இர்ஷாத் எங்கே போனானென்று தெரியவில்லை. ஹாஜியார் மூட்டையிலிருந்து எழுந்து நின்றார்.

“நாளைக்கு…” என்று தொடங்கினார்.

அப்போது பிற்பகல் அஸர் தொழுகைக்கு வாங்கு ஒலித்தது. அவர் நிறுத்திக்கொண்டார். தெருவில் கதவுகள் இறங்கத் தொடங்கின. ஹிதாயா மற்ற மூவரையும் வெளியே வரச்சொன்னாள். வெளியே நின்று இரண்டு விரலால் கதவை இடுப்பளவுக்கு இழுத்தாள். விரல்களை எடுத்தாள். கதவு நின்றது. இடமும் வலமும் ஒரே மட்டத்தில், ஒரு நூல் அசையாமல், கீழே எந்த முட்டும் இல்லாமல்.

அவள் கதிரையில் உட்கார்ந்து சவளை மடியில் வைத்துக்கொண்டு, அதில் இறுகிப்போயிருந்த நைலோன் முடிச்சை நகத்தால் அவிழ்க்கத் தொடங்கினாள். மூன்று பெண்களும் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். பின்கதவால் ஒளித்துப் போகாவிட்டால், பள்ளிவாசலுக்குப் போக ஹாஜியார் இப்போது குனிந்து இந்தக் கதவுக்குக் கீழால்தான் வர வேண்டும். வாங்கு முடிந்தது. அரைக்கதவுக்குக் கீழே, உள்பக்கத்தில், மா படிந்த இரண்டு வெள்ளைப் பாதங்கள் தெரிந்தன. அவை கதவின் நிழல் விழுந்த கோடுவரை வந்து, அங்கேயே நின்றுகொண்டிருந்தன.